கூட்டாக உருவாகும் ஆர்க்கெஸ்ட்ரா இசைப்படத்தில் அனிமேட்டரின் வேலை எப்படி இருக்கும்?

கேள்வியின் சாரம் இது: ஒரு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் இசையைப் பல அனிமேட்டர்கள் ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு படமாக்குகிறார்கள், அதில் ஒரு பகுதியை ஏற்கும்படி உங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது, வசனமும் இல்லை, கதைசொல்லியும் இல்லை, உங்களுக்கு இசைக்குறிப்பு படிக்கவும் வராது, ஆகவே வழக்கமான அனிமேஷன் வேலையிலிருந்து இது எப்படி வேறுபடும், எதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்கிறீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமான படத்தில் ஒரு காட்சிக்கு இன்னும் எட்டு ஃபிரேம் தேவைப்பட்டால் எடிட்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஏனென்றால் பின்னணி இசை பெரும்பாலும் படம் முடிந்த பிறகுதான் எழுதப்படுகிறது. இங்கே எட்டு ஃபிரேம் கேட்பது, ஒரு மேடை நிறைய இருக்கும் கலைஞர்கள் வாசித்து முடித்ததை மறுபடி வாசிக்கச் சொல்வதற்குச் சமம். நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள உரிமை கையைவிட்டுப் போன பிறகு அனிமேட்டருக்கு மிஞ்சுவது, எந்த ஒலிக்கு அசைவது, எந்த ஒலிக்கு அசையாமல் இருப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும்தான். இந்தத் தேர்வைச் சரியாகச் செய்பவரின் பகுதி இசையோடு ஒன்றிப்போகும். செய்யாதவரின் பகுதி, வரைகலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், இசையின் பின்னால் மூச்சிரைக்க ஓடுவதுபோலத் தெரியும்.

நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கையில் தரப்படும் ஒலிக்கோப்பு இறுதிப் பதிவா, தற்காலிக மாதிரியா என்பது. கணினியில் மிடி ஒலிகளைக் கொண்டு உருவாக்கிய மாதிரியை வைத்துப் பல குழுக்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. உண்மையான பதிவு சில மாதங்கள் கழித்து நடக்கிறது. அந்தப் பதிவின்போது கலைஞர்கள் காதில் கிளிக் ட்ராக் (தாளத் தட்டுகளை டிக் டிக் என்று ஒலிக்கும் தடம்) போட்டுக்கொண்டு அதே டெம்போ, அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகத்தின், வரைபடத்தின்படி வாசித்தால் உங்கள் வேலைக்குப் பெரிய சேதம் வராது. இசை நடத்துநர் கிளிக் இல்லாமல் தம் விருப்பப்படி நடத்துவார் என்றால், சொற்றொடர் முடியும் இடங்களில் அவர் சற்று இழுத்து விடுவதும், உச்சத்தை நெருங்கும்போது சற்று விரைவதும் சேர்ந்து, மூன்றாம் நிமிடத்துக்குள் மாதிரிக்கும் பதிவுக்கும் இடையே பல விநாடி வேறுபாடு வந்துவிடும். இரண்டாவது நிலைதான் உங்களுடையது என்றால், இறுதிப் பதிவு வரும்வரை ஸ்டோரிபோர்டு, அனிமேட்டிக் (ஸ்டோரிபோர்டு படங்களை இசையோடு ஓடவிடும் கரட்டு வடிவம்), வண்ணத் திட்டம், பின்னணிகள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழு அனிமேஷனைத் தொடங்காதீர்கள். அவசரப்படுத்தினாலும் மறுத்துவிடுவதே நல்லது.

அடுத்தது கணக்கு. திரைப்படத்தில் விநாடிக்கு 24 ஃபிரேம் என்பதால், 1,440ஐ நிமிடத்துக்கான தட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை ஃபிரேம் என்பது கிடைத்துவிடும். டெம்போ 120 என்றால் 12 ஃபிரேம், 96 என்றால் 15, 90 என்றால் 16. இவை எல்லாம் முழு எண்கள். சிக்கல் 100 போன்ற எண்களில் வருகிறது, அங்கே ஒரு தட்டுக்கு 14.4 ஃபிரேம். புதியவர்கள் அதை 14 என்று வைத்துக்கொண்டு போகிறார்கள். ஒரே நிமிடத்தில் 40 ஃபிரேம், அதாவது ஒன்றரை விநாடிக்கும் மேல், படம் இசையை முந்திவிடும். ஒவ்வொரு தட்டையும் பகுதியின் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டு அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்தினால் 14, 15, 14, 15, 14 என்று இடைவெளிகள் அமையும். ஐந்து தட்டுக்கு 72 ஃபிரேம் சரியாக வந்து சேரும், எந்த இடத்திலும் பிழை அரை ஃபிரேமைத் தாண்டாது. ஆனால் டெம்போ நிலையாக இருக்கும் இடங்களுக்கு மட்டுமே இந்தக் கணக்கு உதவும். நடத்துநர் சுதந்திரமாக நடத்திய பதிவில் ஒவ்வொரு தட்டையும் காதால் கேட்டு டைம்லைனில் மார்க்கர் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தானாகத் தட்டுகளைக் கண்டுபிடிக்கும் கருவிகள் டிரம் ஒலிக்கும் பாடல்களில் நன்றாக வேலை செய்கின்றன, தந்திக் கருவிகளின் மெல்லிய பகுதிகளில் தடுமாறுகின்றன.

இசைக்குறிப்பு படிக்கத் தெரியாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஆனால் முழு ஸ்கோரை, அதாவது எல்லாக் கருவிகளுக்குமான இசைக்குறிப்பை, கையில் வைத்துக்கொண்டு பதிவைக் கேட்டபடி பார்களை (சில தட்டுகள் சேர்ந்த தாளக் கட்டங்களை) எண்ணிப் பின்தொடரும் அளவுக்காவது பழகிக்கொள்ளுங்கள். இசைக்கலைஞர்கள் நேரத்தை நிமிடம், விநாடி என்று பேசுவதில்லை; பார் எண்ணையும் ஒத்திகை எழுத்தையும் (ஸ்கோரில் இடம் குறிக்கப் போடும் ஏ, பி, சி போன்ற எழுத்து) வைத்தே பேசுவார்கள். "டி எழுத்துக்கு மூன்று பார் முன்னால்" என்று நடத்துநர் சொல்ல, "இரண்டு நிமிடம் பதினான்காவது விநாடி" என்று நீங்கள் சொல்ல, இருவரும் ஒரே இடத்தைத்தான் சொல்கிறீர்களா என்பது யாருக்கும் தெரியாமல் கூட்டம் முடியும். இதற்குத் தீர்வு, 1930களின் அமெரிக்க கார்ட்டூன் ஸ்டுடியோக்களில் புழங்கிய பார் ஷீட் போன்ற ஓர் அட்டவணை. பார் எண், ஒத்திகை எழுத்து, தொடங்கும் ஃபிரேம், அந்தப் பாரில் முன்னால் நிற்கும் கருவி, ஒலியின் வலிமை, கடைசியாக உங்கள் படத்தில் நடப்பது என்று ஒவ்வொரு பாருக்கும் ஒரு வரி. குழுவில் யாராவது ஒருவர் இதைச் செய்து எல்லாருக்கும் தர வேண்டும். யாரும் செய்யவில்லை என்றால் நீங்களே செய்யுங்கள். அட்டவணை போட்டு முடிக்கும்போது அந்த இசை உங்களுக்குப் பாதி மனப்பாடம் ஆகியிருக்கும்; பின்னர் படத்தில் நீங்கள் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கும்.

ஒலியும் படமும் பொருந்துவதில் ஒரு நுட்பம் உண்டு. அலைவடிவம் தொடங்கும் ஃபிரேமும் காது அந்த ஒலியை உணரும் ஃபிரேமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சிம்பல் மோதும்போது இரண்டும் ஒன்றே. ஆனால் வயலின்கள் மென்மையாக ஒரு சுரத்தைத் தொடங்கும்போது வில் தந்தியைப் பற்றி ஒலி எழும்ப நேரமாகிறது, அலைவடிவத்தின் முதல் கோட்டில் நீங்கள் வைக்கும் அசைவு ஒலிக்கு முன்னால் வந்துவிட்டதுபோலத் தோன்றும். அரங்கின் அளவும் இதில் சேர்கிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது, அதாவது ஒரு ஃபிரேம் நேரத்தில் ஏறத்தாழ 14 மீட்டர்; ஆகவே மைக்குக்கு அருகில் இருக்கும் வயலினுக்கும் மேடையின் பின்வரிசையில் இருக்கும் தாளக் கருவிகளுக்கும் இடையே, அவை ஒன்றாக வாசிக்கப்பட்டாலும், பதிவில் முக்கால் ஃபிரேம், ஒரு ஃபிரேம் என்று வேறுபாடு இருக்கலாம். இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வருகிறது என்பதால் நம் மூளை படம் முந்துவதைப் பொறுத்துக்கொள்ளும், ஒலி முந்துவதைப் பொறுத்துக்கொள்ளாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடிக்கத் தொடங்குகிறார், பிந்தினால் 125 மில்லி விநாடி வரை கண்டுகொள்வதில்லை. ஃபிரேமில் சொன்னால் முந்துவதற்கு ஒன்று, பிந்துவதற்கு மூன்று. அழுத்தமான அசைவை ஒலிக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னதாக வைக்கும் பழைய அனிமேட்டர்களின் வழக்கம் இதனால்தான் இன்றும் செல்லுபடியாகிறது.

இனி முக்கியமான விஷயம், எதற்கு அசைவது என்பது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் அசைவு என்று வைப்பதை மிக்கி மவுசிங் என்பார்கள். நகைச்சுவைக்கு அது அருமையாகப் பொருந்தும், ஆறு நிமிட ஆர்க்கெஸ்ட்ரா இசைக்கு அதையே செய்தால் இரண்டாம் நிமிடத்தில் கண் களைத்துவிடும். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு குரல்கள் ஒலிக்கும் இசை இது. எல்லாவற்றையும் வரைவது இயலாது, இயன்றாலும் பார்ப்பவர் எதையும் பார்க்க மாட்டார்.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். பாருக்கு நான்கு தட்டு, டெம்போ 90, பதினாறு பார் நீளும் ஓர் ஏற்றம். மொத்தம் 64 தட்டு, 1,024 ஃபிரேம், சுமார் 43 விநாடி. தொடக்கத்தில் செல்லோவும் டபுள் பேஸும் அடிக்குரலில் நடுங்குகின்றன, அதன்மேல் பஸ்ஸூன் என்னும் காற்றுக் கருவி ஒரு மெட்டைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறது. ஒன்பதாம் பாரில் ஹார்ன்கள் சேர்கின்றன. பதின்மூன்றாம் பாரிலிருந்து டிம்பனி என்னும் பெரிய முரசு இடைவிடாமல் உருள்கிறது. பதினேழாம் பாரின் முதல் தட்டில் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் சிம்பலோடு வெடிக்கிறது. படத்தில் ஒரு சிறுமி இருட்டில் குன்றின்மேல் ஏறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வரும் யோசனை, அவள் காலடியைத் தட்டோடு பொருத்துவதும், டிம்பனி உருளும்போது அவளை ஓட வைப்பதும்தான். நான் அப்படிச் செய்ய மாட்டேன். முதல் எட்டு பாருக்கு அவள் காலடியை வேண்டுமென்றே தட்டிலிருந்து விலக்கி வைப்பேன், 16 ஃபிரேமுக்கு ஓர் அடி என்பதற்குப் பதிலாக 19, 21, 18 என்று. ஏறுபவளின் களைப்பு அதில் தெரியும், தட்டு தன் போக்கில் ஓடும். பஸ்ஸூன் மெட்டின் முடிவில் மட்டும் ஒருமுறை தலை நிமிர்வாள். ஹார்ன்கள் நுழையும் ஒன்பதாம் பாரில் வெட்டு வைக்காமல் குன்றின் விளிம்பில் வெளிச்சம் இரண்டு பார் நீளத்துக்கு மெல்லப் பரவும், ஏனென்றால் ஹார்னின் ஒலியே அப்படி விரிவதுதான். டிம்பனி உருளத் தொடங்கும்போது அவள் நின்றுவிடுவாள். நான்கு பார், 256 ஃபிரேம், கூந்தல் நுனியைத் தவிர எதுவும் அசையாது. ஒலி வளர வளரப் படம் உறைந்து நிற்கும்போது பார்ப்பவரின் உடல் இருக்கையில் முன்னால் சாயும். அந்த எதிர்பார்ப்பை எந்த ஓட்டத்தாலும் வரைந்து கொண்டுவர முடியாது. பதினேழாம் பாருக்கு இரண்டு ஃபிரேம் முன்னால் வானம் திறக்கும். அதன் பிறகு சிம்பலின் அதிர்வு அடங்கச் சில விநாடி ஆகும் அல்லவா, அந்த அடங்கலோடு சேர்ந்தே புல்லும் ஆடையும் அடங்க வேண்டும். பலர் வெடிப்பைப் பொருத்திவிட்டு இந்த வாலை மறந்துவிடுகிறார்கள். (அசையாத 256 ஃபிரேம் கெடுவுக்கும் நல்லது என்பதை இயக்குநரிடம் சொல்ல வேண்டியதில்லை.)

கருவிகளின் குரலும் பார்ப்பவரின் மனத்தில் பாத்திரங்களாகப் பதியும். ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் 1936இல் எழுதிய ‘பீட்டரும் ஓநாயும்’ என்ற இசைக்கதை இதையே அடிப்படையாகக் கொண்டது. பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், ஓநாய்க்கு மூன்று ஹார்ன். இயக்குநர் சூசி டெம்பிள்டன் 2006இல் அதை ஸ்டாப் மோஷனில், அதாவது பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமாக்கும் முறையில், எடுத்தபோது கதைசொல்லியின் குரலையே நீக்கிவிட்டார், கதை குழப்பமின்றிப் புரிந்தது. பொம்மைகளின் நடிப்பும் கருவிகளின் குரலும் அந்தச் சுமையைத் தாங்கின. உங்கள் பகுதியில் ஓபோவுக்கு ஓர் உருவத்தைக் கொடுத்துவிட்டால், அடுத்த அனிமேட்டரின் பகுதியில் ஓபோ ஒலிக்கும்போது பார்ப்பவர் அந்த உருவத்தைத் தேடுவார். இதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

வாசிப்பவர்களையே வரைய வேண்டி வந்தால் இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் உங்கள் முதல் பார்வையாளர்கள் அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் கலைஞர்களே. ஒரு பிரிவின் வயலின்கள் அனைத்தின் வில்லும் ஒரே திசையில் போகும், அழுத்தமான தட்டில் பெரும்பாலும் கீழ்நோக்கி. காற்றுக் கருவி வாசிப்பவரின் தோள் ஒலிக்கு முன்பே மூச்செடுத்து உயரும். ஹார்ன் வாசிப்பவரின் வலக்கை கருவியின் விரிந்த வாய்க்குள் இருக்கும். டிம்பனி வாசிப்பவர் அடித்து முடித்ததும் விரல்களால் தோலைத் தொட்டு ஒலியை நிறுத்துவார். நடத்துநரின் கோல் ஒலியோடு சேர்ந்து இறங்காது, சற்று முன்னதாகவே இறங்கும். பல ஆர்க்கெஸ்ட்ராக்கள் தட்டுக்குப் பிறகே ஒலிக்கின்றன. இதெல்லாம் வேண்டாம் என்றால் உருவங்களை நிழலாகவோ அருவமாகவோ ஆக்கிவிடுங்கள். பாதி சரியான வில் அசைவைவிட அது எவ்வளவோ மேல்.

கூட்டு வேலையில் படம் நிற்பதும் விழுவதும் இணைப்புகளில்தான். ஒவ்வொரு பகுதியும் வேறு வேறு பாணியில் இருக்கும் தொகுப்புப் படம் ஒரு வகை. ஒரே பாணியைப் பலர் பகிர்ந்துகொண்டு ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடரும் படம் இன்னொரு வகை. முதல் வகைக்கு 1940இல் வந்த டிஸ்னியின் ‘ஃபேன்டேசியா’ எல்லாருக்கும் தெரிந்த முன்மாதிரி. அதன் இசையில் பெரும்பகுதியை லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி நடத்த ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. அனிமேஷன் பகுதிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பாணியில் இருந்தும் துண்டாகத் தெரியாததற்குக் காரணம், இடையிடையே இசைக்கலைஞர்களும் அறிமுகம் செய்பவரும் திரையில் வந்து கண்ணுக்கு ஓய்வு தந்ததுதான். ஒரே இசை இடைவெளியில்லாமல் ஓடும் உங்கள் படத்தில் அந்த வசதி இருக்காது. ஆகவே கைமாறும் இடம் எங்கே என்பதைத் தயாரிப்பாளர் நிமிடக் கணக்கில் தீர்மானிக்க விடாதீர்கள். அது சொற்றொடர் முடிந்து இசை மூச்சு வாங்கும் இடமாகவோ, கருவிக் கூட்டம் மாறும் இடமாகவோ இருக்க வேண்டும். உங்களுக்குக் கொடுக்கப்பட்ட பகுதி ஒரு மெட்டின் நடுவில் தொடங்குகிறது என்றால், நான்கு பார் முன்னால் தள்ளிக் கொடுங்கள் என்று தாராளமாகக் கேளுங்கள்.

இணைப்பில் மூன்றைக் கவனித்தால் போதும் என்பது என் அனுபவம்: பார்ப்பவரின் கண் திரையில் எந்த இடத்தில் நிற்கிறது, அசைவு எந்தத் திசையில் போகிறது, ஒட்டுமொத்த வெளிச்சம் எவ்வளவு. இவை மூன்றும் தொடர்ந்தால் கோடும் வண்ணமும் உருவமும் முழுமையாக மாறினாலும் உறுத்தாது. இவை அறுந்தால் ஒரே பாணியில் வரைந்திருந்தாலும் தூக்கிப்போடும். எனவே உங்களுக்கு முன்னால் இருப்பவரின் கடைசி ஃபிரேமையும் பின்னால் வருபவரின் முதல் ஃபிரேமையும் ஸ்டோரிபோர்டு கட்டத்திலேயே வாங்கிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். உங்களுடையதையும் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். இரு பக்கமும் 12 ஃபிரேம் கூடுதலாக வரைந்து கொடுத்தால் எடிட்டர் வெட்டை ஓரிரு ஃபிரேம் நகர்த்திப் பார்க்க இடமிருக்கும். எல்லாருடைய கரட்டு அனிமேட்டிக்கையும் இசையின்மேல் அடுக்கி முழுப்படமாக வாரம் ஒருமுறை எல்லாரும் பார்ப்பது, எந்தப் பாணிக் கையேட்டைவிடவும் பயனுள்ளது. தம் பகுதி மட்டுமே தெரிந்தவர்கள் ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்த உச்சத்தைப் படத்தின் பெரிய உச்சமாக வரைந்துவிடுவார்கள். ஆறு பகுதி இருந்தால் ஆறு உச்சம். உங்கள் பகுதி படத்தின் நடுவில் இருந்தால் நிறத்திலும் அசைவின் அகலத்திலும் கொஞ்சம் மிச்சம் வைத்தே வரையுங்கள், இறுதிப் பகுதியைச் செய்பவருக்கு மேலே ஏற இடம் வேண்டும். தன் பகுதியே சிறந்ததாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையை அடக்குவது எளிதல்ல, ஆனால் இசையமைப்பாளர் அதைத்தான் செய்திருக்கிறார், ஸ்கோரில் பார்த்தாலே தெரியும்.

தொழில்நுட்பத்தில் இரண்டு செய்திகள் மட்டும். ஒலிக்கோப்பை எம்பி3 ஆக வாங்காதீர்கள், அந்த வடிவம் தொடக்கத்தில் சிறு வெற்றிடத்தைச் சேர்க்கக்கூடும். 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பையே எல்லாரும் பயன்படுத்த வேண்டும். ஃபிரேம் வேகம் 24ஆ, 23.976ஆ என்பதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குதான், ஆனால் எட்டு நிமிடப் படத்தின் முடிவில் அது ஏறக்குறைய அரை விநாடி, அதாவது 11 ஃபிரேமுக்கும் மேல். ஒருவர் பிளெண்டர் மென்பொருளிலும் இன்னொருவர் டூன் பூம் ஹார்மனி மென்பொருளிலும் வேலை செய்யும்போது இது யார் கண்ணிலும் படாமல் கடைசி வாரத்தில்தான் வெளிவரும்.

ஆர்க்கெஸ்ட்ரா நேரடியாக வாசிக்கப் படம் திரையிடப்படுமா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நடத்துநர் காதில் கிளிக்கோடோ, தம் திரையில் ஓடும் ஸ்ட்ரீமர் கோடுகளையும் பஞ்ச் எனப்படும் வெளிச்சப் பொட்டுகளையும் பார்த்தோ நடத்துவார். எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் சில ஃபிரேம் முன்பின் ஆகும். ஃபிரேம் பிசகாமல் பொருந்தியே தீர வேண்டிய இடங்களை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்து, நீண்ட ஃபெர்மாட்டாவுக்கு (நடத்துநர் தம் விருப்பப்படி சுரத்தை நீட்டி நிறுத்தும் இடம்) அடுத்த தட்டில் அப்படி ஒன்றை வைக்காமல் இருந்தால், அந்த இரவுகளில் நடத்துநர் உங்களை மனத்துக்குள் வாழ்த்துவார்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஊதியம் விநாடிக்கா, வாரத்துக்கா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கையால் வரையும் முழு அனிமேஷனில் வாரத்துக்குச் சில விநாடிகளே தேறும் என்பதால், விநாடிக் கணக்கில் ஒப்புக்கொள்ளுமுன் உங்கள் பகுதியில் எத்தனை உருவங்கள் ஒரே நேரத்தில் அசைகின்றன என்று பாருங்கள். எத்தனை முறை திருத்தம், இசை மாறினால் மறுவேலைக்கு யார் பணம் தருவார்கள் என்பவையும் அதில் வர வேண்டும். இசையமைப்பாளர் இறந்து நெடுங்காலமாகி இசை பொதுவுடைமை ஆகியிருந்தாலும் பதிவின் உரிமை ஆர்க்கெஸ்ட்ராவிடமோ ஒலிப்பதிவு நிறுவனத்திடமோ தனியாக இருக்கும். ஆகவே உங்கள் வேலைகளின் மாதிரித் தொகுப்பான ஷோரீலில் அந்தப் பகுதியை அதே இசையோடு காட்ட அனுமதி உண்டா, எந்தத் தேதிக்குப் பிறகு என்பதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வரிசையையும் இப்போதே பேசுங்கள், பாதியில் விலகினால் செய்த வேலைக்குப் பெயர் வருமா என்பது உட்பட. ‘ஃபேன்டேசியா’வில் இசையமைப்பாளர் பாக்கின் டொக்காட்டா என்ற இசைக்கான பகுதிக்கு அனிமேட்டர் ஆஸ்கர் ஃபிஷிங்கர் அருவ வடிவங்களை உருவாக்கினார், அவை மாற்றப்பட்டதால் படம் முடியுமுன் விலகினார், திரையில் அவர் பெயர் இல்லை.